தையல் மேசையில் உருவான கலகக்காரர்: அலெக்சாண்டர் மெக்குவீனின் பயிற்சிக் காலம்

பிரிட்டனின் ஆடை வடிவமைப்பாளர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு கதைகளில் ஒன்றைச் சொல்கிறார்கள். பிறவியிலேயே வரம் வாங்கி வந்த மேதை என்பது ஒன்று. கட்டுப்பாடுகளை உதறிவிட்டு வந்த கலைக்கல்லூரி மாணவர் என்பது மற்றொன்று. அலெக்சாண்டர் மெக்குவீன் விஷயத்தில் இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள்: கிழக்கு லண்டன் டாக்சி ஓட்டுநரின் மகன், பள்ளியை 16 வயதில் விட்டவர், செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரிக்குள் நுழைந்ததும் வெடித்தெழுந்தவர் என்று. தகவல்கள் சரிதான். அவற்றைக் கோத்திருக்கும் விதம்தான் தவறு. மெக்குவீன் கல்லூரிக்குள் நுழைந்தபோது அவருக்கு 21 வயது. அதற்குள் ஐந்தாண்டுக் காலம் தையற்கூடங்களிலும் வடிவமைப்பாளர்களின் பணியறைகளிலும் உழைத்து முடித்திருந்தார். அவரை உருவாக்கியது அந்த ஐந்து ஆண்டுகள். கல்லூரி தந்தது வேறொன்று, அதுவும் பெரியதே. ஆனால் முதலில் கை, பிறகு கருத்து என்ற அந்த வரிசை இல்லாமல் நாம் அறிந்த மெக்குவீன் இல்லை. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் எங்கே உருவாகிறார் என்ற பெரிய கேள்விக்கும் இந்த ஒரு வாழ்க்கை நல்ல சோதனைக் களமாக இருக்கிறது.

லீ அலெக்சாண்டர் மெக்குவீன் 1969 மார்ச் 17 அன்று லண்டனின் லூயிஷாம் பகுதியில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைசி. குடும்பம் விரைவில் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தது. தாய் ஜாய்ஸ் பின்னாளில் ஆசிரியப் பணி செய்தவர்; குடும்பத்தின் வம்சாவளியைத் தேடித் தொகுப்பதில் தீராத ஆர்வம் கொண்டவர். தந்தைவழி வேர் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் இருப்பதாக அவர் கண்டறிந்தது மகனின் மனதில் ஆழமாகப் பதிந்தது. சிறுவயதிலேயே பறவைகளைக் கவனிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. உடுப்புகளை வரைந்துகொண்டே இருந்தார். ரோக்பி என்ற ஆண்கள் பள்ளியில் படித்து, 1985இல் ஓவியத்தில் மட்டும் தேர்ச்சி பெற்று வெளியேறினார். ஆக, வரலாறு, பறவைகள், ஓவியம் ஆகிய மூன்றும் கல்லூரிக்கு முன்பே, ஏன், ஊசி பிடிப்பதற்கும் முன்பே அவரிடம் இருந்தன. பிறவித் திறமை என்ற வாதத்துக்கு இடம்கொடுக்கும் பகுதி இதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பறவைகளை நேசித்து, நோட்டுப் புத்தகம் முழுக்க உடுப்புகள் வரைந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் மட்டும் ஏன் அந்த ஓவியத்தை உடம்பின்மேல் நிற்க வைக்கும் ஆற்றல் பெற்றார் என்பதே கேள்வி.

சாவில் ரோ லண்டனின் மேஃபேர் பகுதியில் இருக்கும் சிறிய தெரு. பிரபுக்களும் அரச குடும்பத்தினரும் அளவு கொடுத்துக் கோட்டு தைத்துக்கொள்ளும் கடைகள் அங்கே நிறைந்திருக்கின்றன. 1980களில் அக்கடைகளுக்குத் தொழில் பழக இளைஞர்கள் கிடைக்கவில்லை என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த ஜாய்ஸ், போய்க் கேட்டுப் பார் என்று மகனிடம் சொன்னார். மகன் போய்ச் சேர்ந்த இடம் 30, சாவில் ரோ: ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்டு. சான்றிதழ் கேட்கவில்லை. அந்தக் கடையே வாய்த்தது அவருக்குக் கிடைத்த பெரும்பேறு. 1906இல் தொடங்கிய அந்நிறுவனம், டச்சுக்காரரான ஃபிரெடரிக் ஷோல்டே என்ற தையற்கலைஞரின் வழியில் வந்தது. தோளில் கனமான பஞ்சு வைக்காமல், மார்பிலும் முதுகிலும் துணியைச் சற்றுத் தாராளமாக விட்டு, கைக்குழியை உயரத்திலும் சிறியதாகவும் வெட்டும் பாணி அது. கோட்டுக்குள் இருக்கும் உடம்பு அசையும்போது கோட்டு தூக்கிக்கொண்டு வராது. உடம்பைத் துணி எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்ற கணக்கு இதைவிடத் துல்லியமாகக் கற்பிக்கப்பட்ட இடங்கள் உலகில் மிகச் சில.

கார்னீலியஸ் ஓ'கலஹன் என்ற ஐரிஷ் கோட்டுத் தையற்காரரிடம் அவர் பழகினார். அங்கே தொழில் பழகுவது எப்படி என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வாழ்க்கை வரலாறுகள் இரண்டு வரியில் கடந்துபோகும் இடம் இது. கையால் தைக்கும் ஒரு கோட்டுக்கும் கால்சட்டைக்கும் ஐம்பது மணி நேரத்துக்கும் அதிகமான உழைப்பு செல்லும். அளவெடுத்து மாதிரித் தாள் வரைந்து துணியை வெட்டுபவர் கட்டிங் மாஸ்டர். கோட்டு தைப்பவர் வேறு, கால்சட்டை தைப்பவர் வேறு, காஜா எடுத்து முடித்துக் கொடுப்பவர் வேறு. புதிதாக வரும் பையனுக்கு முதலில் கிடைப்பது மார்பில் மடிந்து விழும் காலர்ப் பகுதி. குதிரைமுடி கலந்த கேன்வாஸை அந்தத் துணியின் உட்புறத்தோடு நூற்றுக்கணக்கான சிறு சாய்தையல்களால் பிணைக்க வேண்டும். வெளியே ஒரு தையலும் தெரியக்கூடாது. துணியை இடக்கையில் வளைத்துப் பிடித்தபடியே தைத்தால்தான் அந்த வளைவு காலருக்குள் நிரந்தரமாகத் தங்கும். இதையே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்ய வேண்டும். பிறகு கம்பளித் துணியை ஈரப்படுத்தி இஸ்திரியால் சுருக்கவும் நீட்டவும் கற்க வேண்டும். தட்டையான துணி மார்பின் உருண்டையையும் தோளின் சரிவையும் பெறுவது அப்போதுதான். கைக்குழியைவிடப் பெரியதாக வெட்டிய கையை, ஒரு சுருக்கமும் விழாமல் அதற்குள் அமர வைப்பது அதற்கும் மேலான பாடம். இவற்றில் ஒன்றும் வாயால் சொல்லித் தருவது அல்ல. தவறாகத் தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்துத்தான் கற்க முடியும். ஒரு கோட்டை முதல் அளவுபார்ப்புக்குத் தானே ஆயத்தமாக்கும் நிலைக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மெக்குவீன் வந்துவிட்டார் என்பதே அவரது உழைப்புக்குச் சான்று.

இந்த இரண்டாண்டுகளிலிருந்து உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு கதை. அன்றைய இளவரசர் சார்லஸுக்கான கோட்டின் கேன்வாஸில் கெட்ட வார்த்தை ஒன்றை எழுதி வைத்ததாக மெக்குவீன் பின்னாளில் பத்திரிகைகளிடம் சொன்ன கதை. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. உண்மையோ பொய்யோ, கலகக்காரர் என்ற பிம்பத்துக்கு அது வாகாக இருந்ததால் நிலைத்துவிட்டது. வருத்தம் என்னவென்றால், அந்தக் கோட்டுகளில் மறைந்திருக்கும் ஆயிரக்கணக்கான தையல்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அவை இருந்ததற்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை. அவர் பிறகு தைத்த ஒவ்வொரு உடுப்பும் ஆதாரம்.

அதன்பின் அவர் அதே தெருவின் முதல் எண்ணில் இருந்த கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ் கடையில் சில காலம் பணியாற்றினார். தொடர்ந்து பெர்மன்ஸ் அண்ட் நேதன்ஸ் என்ற நாடக உடைத் தயாரிப்பு நிறுவனம். லே மிசெராப்ள போன்ற இசை நாடகங்களுக்கு அங்கே உடை தைத்தார்கள். அந்தச் சூழலை அவர் விரும்பவில்லை என்கிறார்கள். ஆனாலும் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து தொடங்கிப் பழைய காலங்களின் வெட்டுமுறைகள் அவர் கைக்கு வந்தது அங்கேதான். சாவில் ரோ ஒரே ஒரு காலத்தின் உச்சத்தைக் கற்பித்தது. நாடகத் தையற்கூடம் காலங்கள்தோறும் உடம்பு எப்படி வேறு வேறு வடிவில் கட்டமைக்கப்பட்டது என்பதைக் கற்பித்தது. அடுத்து, லண்டனில் பணியாற்றிய ஜப்பானிய வடிவமைப்பாளர் கோஜி தத்சுனோ. தையல் விதிகளை அறிந்து மீறும் பாணி அவருடையது. பிறகு 1990இல், 21 வயதில், இத்தாலியின் மிலானில் வடிவமைப்பாளர் ரோமியோ ஜிலி. ஒரு பெரிய பெயர் எப்படிச் சந்தைக்கு வருகிறது என்பதை அங்கே பார்த்தார். இந்தப் பாதையை வரைபடமாகப் போட்டுப் பார்த்தால், யாரோ ஒரு தேர்ந்த ஆசிரியர் திட்டமிட்டு வகுத்த பாடத்திட்டம் போல இருக்கிறது: அடிப்படை, வரலாறு, மீறல், வணிகம். உண்மையில் யாரும் திட்டமிடவில்லை. கதவைத் தட்டித் தட்டிச் சேர்த்துக்கொண்டது.

இனி கல்லூரி. மிலானிலிருந்து திரும்பியதும் சேரிங் கிராஸ் சாலையில் இருந்த சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸுக்கு மெக்குவீன் போனது மாணவராகச் சேர அல்ல. மாதிரித் தாள் வெட்டும் முறையைக் கற்பிக்கும் வேலை கேட்டு. முதுகலை ஆடை வடிவமைப்புப் படிப்பை நிறுவி நடத்திவந்த பாபி ஹில்சன் அவரைப் பார்த்தார். கற்பிக்க வயது போதாது என்று கருதினார். ஆனால் கையில் இருக்கும் தொழிலையும் கண்ணில் இருக்கும் வெறியையும் கண்டு, இளங்கலைப் பட்டம் இல்லாத அவருக்கு முதுகலையில் இடம் கொடுத்தார். இந்த முடிவு பிரிட்டிஷ் ஆடைக் கல்வி வரலாற்றிலேயே மிகச் சிறந்த விதிவிலக்கு என்பேன். அங்கே அவருக்குக் கிடைத்தவை எவை? வெட்டத் தெரிந்தவருக்கு வெட்டுவதைக் கற்பிக்க வேண்டியதில்லை. நூலகம் கிடைத்தது. துணி அச்சு பயின்ற சைமன் அங்லெஸ் போன்ற சகமாணவர்கள் கிடைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் மனதில் இருப்பதைத் தொகுப்பாக ஆக்கிக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் கிடைத்தது. கடையில் வாடிக்கையாளர் விருப்பமே சட்டம். கல்லூரியில்தான், உனக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று அவரை முதல்முறையாகக் கேட்டார்கள்.

பதில் 1992இல் வந்தது. விக்டோரியா காலத்துக் கிழக்கு லண்டனின் கொலைகாரன் ஜாக் த ரிப்பரையும் அவனிடம் சிக்கிய பெண்களையும் கருவாகக் கொண்ட பட்டத் தொகுப்பு. அதில் ஒன்று, முட்கொடிகள் அச்சிட்ட ரோஜாநிறப் பட்டுக் கோட்டு. உள்துணிக்குள் மனித முடி வைத்துத் தைக்கப்பட்டது. பார்த்தவர்கள் முடியைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் அந்தக் கோட்டின் வாலும் முன்மடிப்பும் கத்தி முனையாகக் கூர்ந்து நிற்பதைப் பாருங்கள். வளைந்து கொடுக்கும் பட்டுத் துணியை அப்படி நிற்க வைப்பது சாவில் ரோ கை. வோக் இதழில் பணியாற்றிய இசபெல்லா புளோ அந்தத் தொகுப்பு முழுவதையும் 5,000 பவுனுக்கு வாங்கி, வாரம் நூறு பவுனாகப் பணம் கொடுத்தார் என்பது பலரும் அறிந்தது. அவரைக் கவர்ந்ததும் வெட்டும் அசைவும்தான். அந்த உடுப்புகள் பறவைபோல அசைந்தன என்ற பொருளில் அவர் பிறகு பேசியிருக்கிறார்.

கருத்தைத் தாங்கியது கைதான் என்பதற்கு அடுத்து வந்த உடுப்புகள் இன்னும் வலுவான சாட்சிகள். 1993 முதல் அவர் காட்டிய, இடுப்புக்கும் வெகுகீழே தொடங்கும் கால்சட்டையை எடுத்துக்கொள்வோம். முதுகெலும்பின் அடிப்பகுதி தெரியும்படி வெட்டியது. உடம்பின் நடுப்பகுதியை நீளமாகக் காட்டுவதே தன் நோக்கம் என்று அவர் விளக்கினார். பத்திரிகைகள் அதை ஆபாசம் என்றன. தையற்காரர் அதை வேறுவிதமாகப் பார்ப்பார். கால்சட்டை இடுப்பில் தொங்குவது. தொங்க இடுப்பே இல்லாத கால்சட்டை நழுவாமல் நிற்க வேண்டுமானால், புட்டத்தின் வளைவையும் இருக்கைத் தையலின் சாய்வையும் நூலிழை தவறாமல் கணக்கிட வேண்டும். 1995இல் வந்த ‘ஹைலேண்ட் ரேப்’ தொகுப்பும் அப்படியே. ஸ்காட்லாந்து மேட்டுநிலக் குடிகள் தம் நிலங்களிலிருந்து விரட்டப்பட்ட வரலாறு, தாய் தேடிக் கொடுத்த வம்சக் கதையிலிருந்து வந்தது. ஆனால் கிழிந்து தொங்கும் துணிக்குப் பக்கத்திலேயே கச்சிதமாக அமர்ந்த கட்டம்போட்ட கோட்டு இருந்ததால்தான் அந்தக் கிழிசல் வன்முறையாக உறைத்தது. நேராகத் தைக்கத் தெரியாதவர் கிழித்தால் அது வெறும் கிழிசல்.

அவர் வாழ்நாள் முழுவதும் பட்டறை மாணவராகவே இருந்தார் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1996இல், 27 வயதில், பாரிசின் ஜிவான்ஷி நிறுவனத்துக்குத் தலைமை வடிவமைப்பாளராகப் போனார். 1997 ஜனவரியில் வந்த முதல் தொகுப்பை விமர்சகர்கள் வரவேற்கவில்லை. அவரும் அது சரியில்லை என்றே கருதினார். ஆனால் அந்தப் பணியறையின் மூத்த தையற்கலைஞர்களிடம்தான் மென்மையையும் லேசான துணியின் இயல்பையும் தான் கற்றதாகவும், கோட்டுத் தையலில் வளர்ந்த தனக்கு அதுவரை அது பிடிபடவில்லை என்றும் அவர் பிற்காலத்தில் நன்றியோடு குறிப்பிட்டார். தலைவராகப் போன இடத்தில் ஊசி பிடித்தவர்களிடம் பாடம் கேட்டவர் அவர்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவை. அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலாவது, பட்டறைப் பயிற்சியே இல்லாமல் உயர்ந்த பிரிட்டிஷ் வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்களே என்பது. இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா உடையை வடிவமைத்த நார்மன் ஹார்ட்னெல் கேம்பிரிட்ஜில் படித்து, பட்டம் பெறாமல், நாடகங்களுக்கு உடை வரைந்தபடி தொழிலுக்கு வந்தவர். மேரி குவாண்ட் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் ஓவியம் படித்தவர். விவியன் வெஸ்ட்வுட் ஹாரோ கலைப்பள்ளியில் ஒரு பருவம் மட்டும் இருந்துவிட்டு வெளியேறி, பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர். ஆனால் ஒவ்வொருவரையும் நெருங்கிப் பார்த்தால் படம் மாறுகிறது. ஹார்ட்னெல் 1923இல் கடை திறந்தபோது அவருக்குத் தேவைப்பட்டது தேர்ந்த வெட்டுநர்களும் எம்பிராய்டரிப் பெண்களும். தன் கையில் இல்லாத தொழிலை அவர் கூலி கொடுத்து அமர்த்திக்கொண்டார். குவாண்ட் மேஃபேரில் தொப்பிக் கடையில் தொழில் பழகியவர். 1955இல் கிங்ஸ் ரோட்டில் ‘பஸார்’ கடையைத் திறந்த பிறகு, தானே வடிவமைக்க வேண்டி வந்ததும் மாலை வகுப்பில் சேர்ந்து வெட்டக் கற்றார். வெஸ்ட்வுட் பழைய உடுப்புகளைத் தையல் தையலாகப் பிரித்துப் போட்டுக் கற்றவர். 1981இன் கடற்கொள்ளையர் தொகுப்புக்காகப் பழங்கால ஆண்களின் உடுப்பு எப்படி வெட்டப்பட்டது என்பதை நூல்களிலிருந்து ஆராய்ந்தார். ஆக, பட்டறை வேறு வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. முற்றாக இல்லாமல் போனதில்லை. பாரிசின் உயர்தர ஆடைத் தொழிலையே நிறுவியவர் என்று போற்றப்படும் சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த் லிங்கன்ஷயரில் பிறந்து, லண்டன் துணிக்கடைகளில் பையனாகத் தொழில் பழகிய ஆங்கிலேயர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

ஜான் கல்லியானோவின் வாழ்க்கை இன்னும் கடினமான எதிர்வாதம். 1984இல் செயின்ட் மார்ட்டின்ஸில் பட்டம் பெற்றார். பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தைக் கருவாகக் கொண்ட பட்டத் தொகுப்பை லண்டனின் பிரவுன்ஸ் கடை அப்படியே வாங்கியது. சாவில் ரோ வழியாக அவர் வரவில்லை. கலைக்கல்லூரியே போதும் என்பவர்கள் இவரைத்தான் காட்டுவார்கள். நான் இதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். கல்லூரியிலேயே தொழிலின் அடிப்படையைப் பெற முடியும் என்பதற்கு அவர் சான்று. அதேசமயம், படிக்கும் காலத்திலேயே அவர் நேஷனல் தியேட்டரில் நடிகர்களுக்கு உடை அணிவிக்கும் வேலை செய்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பழங்கால உடை ஒன்று மேடையில், அசையும் உடம்பில், எப்படி நடந்துகொள்கிறது என்பதை இரவுதோறும் பார்த்த கண் அது. அக்காலக் கல்லூரியில் வெட்டுமேசைக்கு முக்கிய இடம் இருந்தது என்பதும் உண்மை. கல்லூரிக்குள் பட்டறை உயிரோடு இருந்தவரை கல்லூரி போதுமானதாக இருந்தது என்றுதான் இதிலிருந்து முடிவு கட்ட முடியும்.

இரண்டாவது எதிர்வாதம் நேர்மாறானது. சாவில் ரோவில் தொழில் பழகியவர்கள் எத்தனையோ பேர். மெக்குவீன் ஒருவர்தானே வந்தார்? சரிதான். பயிற்சி மட்டும் மெக்குவீனை உருவாக்கும் என்று நான் சொல்லவில்லை. அவரோடு மேசையில் உட்கார்ந்த மற்றவர்கள் சிறந்த தையற்கலைஞர்கள் ஆனார்கள். அதுவே ஒரு பெரிய வாழ்வு, அதைத் தோல்வி போலப் பேசுவது அநியாயம். அவருக்குக் கூடுதலாக இருந்தவை வரலாற்றுப் பித்தும் கோபமும் கற்பனையும். ஆனால் அதே பித்தும் கோபமும் கொண்டு, கை பழகாமல் வந்தவர்களின் தொகுப்புகள் மேடையோடு முடிந்துபோனதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பயிற்சி போதுமான காரணம் அல்ல. விலக்க முடியாத காரணம்.

மூன்றாவது கேள்வி பணத்தைப் பற்றியது, இதுவே இன்று மிகக் கூர்மையானது. ஏழைப் பையன் உழைத்து முன்னேறினான் என்ற கதையாக மெக்குவீனைச் சொல்லும்போது, அவருக்குத் திறந்திருந்த கதவுகளை நாம் மறந்துவிடுகிறோம். சாவில் ரோ சான்றிதழ் கேட்கவில்லை. கற்கும்போதே சிறிதளவாவது சம்பளம் கொடுத்தது. கல்லூரிக் கட்டணத்துக்கு உறவுக்காரப் பெண்மணி ஒருவர் 4,000 பவுன் கொடுத்து உதவினார். அவர் இல்லாவிட்டால் பாபி ஹில்சன் கொடுத்த இடம் காலியாகவே போயிருக்கும். படித்து முடித்ததும் அரசு வேலையின்மை உதவித்தொகையில்தான் வாழ்ந்தார். அவருக்கு முந்தைய தலைமுறை இளங்கலை மாணவர்களுக்கு 1962 கல்விச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகள் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் கொடுத்தன. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுன் கட்டணம் வந்தது. 2012இல் இங்கிலாந்தில் அது 9,000 பவுன் வரை உயர்ந்தது. அதன்மேல் லண்டன் வாடகை. தொழில் பழகும் இடங்களோ, சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் உழைக்க வசதியுள்ளவர்களுக்கே நீண்ட காலம் வாய்த்துவந்தன. இந்த நிலையில் மெக்குவீனின் பயிற்சியைப் புகழ்ந்துவிட்டு அதற்குச் செலவான பணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையாகாது. இன்னொரு ஸ்ட்ராட்ஃபோர்டுப் பிள்ளை அதே பாதையில் நடக்க வேண்டுமானால், கற்கும் ஆண்டுகளுக்குக் கூலி வேண்டும், கல்லூரிக்குக் கட்டணத் தள்ளுபடி வேண்டும், சான்றிதழைத் தாண்டிக் கையைப் பார்க்கும் ஓர் ஆசிரியரும் வேண்டும். இதை மெக்குவீனே உணர்ந்திருந்தார். இளம் கலைஞர்களுக்கு உதவ சராபாண்ட் என்ற அறக்கட்டளையை நிறுவி, தன் சொத்தில் பெரும்பகுதியை அதற்கே எழுதி வைத்தார்.

தாய் இறந்த சில நாட்களில், 2010 பிப்ரவரி 11 அன்று, அவர் 40 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்த அவரது உடுப்புகளின் கண்காட்சியை 6,61,509 பேர் பார்த்தார்கள். 2015இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 4,93,043 பேர். கூட்டத்தை இழுத்தது மேதையின் சோகக் கதை என்று சொல்வார்கள். அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் அவருக்குப் பின் அந்தப் பெயரைக் காப்பாற்றியது எது என்று பார்த்தால் பதில் வேறு. நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றவர் சாரா பர்ட்டன். செயின்ட் மார்ட்டின்ஸ் மாணவியாக இருக்கும்போதே 1996இல் மெக்குவீனிடம் பழக வந்து, பதினான்கு ஆண்டுகள் அவர் பக்கத்தில் நின்று வெட்டவும் தைக்கவும் கற்றவர். 2011 ஏப்ரலில் இளவரசர் வில்லியமை மணந்தபோது கேத்தரின் மிடில்டன் அணிந்த உடை அவர் வடிவமைத்தது. அதன் சரிகைப் பூவேலையை ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் கைவினைஞர்கள் செய்தார்கள். துணியில் அழுக்குப் படியாமல் இருக்க அரை மணிக்கு ஒருமுறை கை கழுவினார்கள், மூன்று மணிக்கு ஒருமுறை ஊசியை மாற்றினார்கள்.